மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள்

மூன்று வயதுக் குழந்தையைப் பல் மருத்துவரின் நாற்காலியில் உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொன்னால் திறக்காது. அதனால் நான் அந்த நாற்காலிப் பக்கமே போவதில்லை. அம்மாவை எதிரே உட்காரச் சொல்லி, முழங்காலோடு முழங்கால் முட்ட நெருங்கிக்கொள்வேன். குழந்தை அம்மாவைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே மெல்ல மல்லாத்தி, தலையை என் மடியில் வாங்கிக்கொள்வேன். அழும். அழட்டும். அழுகிற வாய் திறந்த வாய்தானே!

அன்று வந்த சிறுமியும் அழுதாள். ஆள்காட்டி விரலால் மேலுதட்டைத் தூக்கினேன். மேல் முன்பற்கள் நான்கும் ஈறோரத்தில் பழுப்பேறிக் குழிந்திருந்தன. ஒன்று பாதி உதிர்ந்து கட்டையாக நின்றது. கீழ் முன்பற்களோ ஒரு புள்ளிகூட இல்லாமல் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"பால் பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டே தூங்குகிறாளா?"

"ஆமாம் டாக்டர். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பற்களே சொல்லிவிட்டன. பாட்டிலை உறிஞ்சும்போது நாக்கு முன்னுக்கு வந்து கீழ்ப்பற்களை மூடிக்கொள்கிறது. நாக்குக்கு அடியில் சுரக்கும் உமிழ்நீரும் அவற்றைக் கழுவிவிடுகிறது. மேல் பற்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தூங்கிவிட்டால் உமிழ்நீர் சுரப்பதும் வெகுவாகக் குறைந்துவிடும். பல்லைச் சுற்றித் தேங்கிய பாலின் சர்க்கரையைக் கிருமிகள் அமிலமாக்குகின்றன. அமிலம் பல்லின் கடினமான மேலுறையான எனாமலைக் கரைக்கிறது. பாலிலேயே இந்தப் பாடு என்றால், சர்க்கரை சேர்த்த பாலையும் பழச்சாற்றையும் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து அம்மா கேட்டதை என் தொழிலில் நான் கேட்காத வாரம் இல்லை. "பால் பல்தானே டாக்டர், எப்படியும் விழுந்து முளைக்குமே?"

விழும். எப்போது விழும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பால் பற்கள் மொத்தம் 20. பெரும்பாலான குழந்தைகளுக்கு 6 மாத வாக்கில் தொடங்கி 3 வயதுக்குள் முளைத்துவிடும். முன்பற்கள் 6 முதல் 8 வயதுக்குள் விழுகின்றன. ஆனால் கடைவாய்ப் பால் பற்கள் 10 முதல் 12 வயது வரை இருந்தாக வேண்டியவை. மூன்று வயதில் சொத்தையான கடைவாய்ப்பல்லை வைத்துக்கொண்டு அந்தக் குழந்தை இன்னும் ஏழெட்டு ஆண்டுகள் மென்றாக வேண்டும். முன்னதாகவே பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பற்கள் காலி இடத்தில் சாய்ந்துகொள்ளும். பின்னால் முளைக்கும் நிலைப்பல் இடமின்றிக் கோணிக்கொண்டு வரும். வேரடியில் சீழ் கட்டினால், கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லின் எனாமலே பழுதுபடக்கூடும்.

இன்னொன்று: பால் பல்லின் எனாமல் நிலைப்பல்லினுடையதில் ஏறக்குறைய பாதித் தடிமன்தான். உள்ளே நரம்பிருக்கும் பகுதியோ பல்லின் அளவோடு ஒப்பிட்டால் பெரிது. ஆகவே சொத்தை உள்ளே போய்ச் சேர அதிக நாள் ஆவதில்லை. "வலிக்கிறது என்று சொல்லவே இல்லையே" என்பார்கள். சின்னக் குழந்தை வலியைச் சொல்வதில்லை. ஒரு பக்கமாகவே மெல்லும், சாப்பாட்டை வாயிலேயே ஒதுக்கி வைத்துக்கொள்ளும், இரவில் விழித்து அழும். வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லும் நாளில் பெரும்பாலும் நரம்புக்கே சிகிச்சை செய்ய வேண்டியதாகிவிடுகிறது.

வலிக்கு முன்பே சொத்தை ஓர் அறிவிப்புக் கொடுக்கிறது. மேல் முன்பல்லில், ஈறை ஒட்டி, சுண்ணாம்பால் இழுத்ததுபோல் மங்கலான வெள்ளைக் கோடு. எச்சில் பட்டிருந்தால் தெரியாது; சுத்தமான துணியால் பல்லைத் துடைத்துவிட்டு நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இந்த நிலையில் பல்லைக் குடைய வேண்டியதில்லை, அடைக்க வேண்டியதில்லை. உணவுப் பழக்கத்தை மாற்றி, ஃபுளோரைடு பூச்சு கொடுத்தால் பல் மீண்டும் இறுகிக்கொள்ளும். கோடு பழுப்பாகிக் குழி விழுந்த பிறகு அந்த வாய்ப்பு இல்லை. மாதம் ஒருமுறை மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். அரை நிமிட வேலை.

முதல் பல் முளைத்த நாளிலிருந்தே பிரஷும் ஃபுளோரைடு பற்பசையும் வேண்டும். பெட்டியில் குறைந்தது 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1000 பங்கு) ஃபுளோரைடு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வயது வரை ஓர் அரிசி மணி அளவு, அதன் பிறகு ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. பிரஷின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அலை அலையாகப் பிதுக்குவது விளம்பரப் படத்துக்கு அழகு. குழந்தை அதை விழுங்கத்தான் போகிறது. துலக்கி முடித்ததும் துப்பினால் போதும். தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும்.

துலக்குவது யார்? நீங்கள்தான், ஏழெட்டு வயது வரை. இதில் நானே சறுக்கியவன். என் மகனுக்கு ஐந்தரை வயதானபோது, "நானே தேய்ப்பேன்" என்று பிரஷைப் பிடுங்கிக்கொண்டான். காலை அவசரத்தில் எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. ஆறாவது வயதில், கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமல், சத்தமின்றி ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அது நிலைப்பல், ஆயுளுக்கும் அதுதான். பாதி ஈறுக்குள் பள்ளமாகக் கிடக்கும் அந்தப் பல்லைச் சிறுவனின் பிரஷ் தொடுவதே இல்லை. ஏழு வயதில் என் மகனுக்கு அந்தப் பல்லின் பள்ளத்தில் சொத்தை. அதை அடைத்தவனும் நான்தான். அன்று மனைவி என்னைப் பார்த்த பார்வைக்கு விளக்கம் தேவையில்லை. முளைத்த உடனே பார்த்திருந்தால் அந்தப் பள்ளங்களைப் பாதுகாப்புப் பூச்சால் மூடியிருக்கலாம். இப்போது அவனை எனக்கு முன்னால் நிறுத்தி, தலையை என் வயிற்றில் சாய்த்துக்கொண்டு, பின்னாலிருந்து நானே துலக்கிவிடுகிறேன்.

தின்பதைப் பொறுத்தவரை அளவைவிட எத்தனை முறை என்பதே முக்கியம். சர்க்கரை வாய்க்குள் போகும் ஒவ்வொரு முறையும் அரை மணி நேரத்துக்காவது அமிலம் இருக்கும். பிறகு உமிழ்நீர் சரிசெய்யும். ஐந்து பிஸ்கட்டை ஒரே மூச்சில் தின்று முடிக்கும் குழந்தையைவிட, நாள் முழுக்க மணிக்கொன்றாகக் கொறிக்கும் குழந்தையின் பல்லே சீக்கிரம் கெடுகிறது. இனிப்பான இருமல் மருந்தைப் படுக்கும்போது கொடுத்தால், பிறகு பல்லைத் துலக்கிவிடுங்கள். பெரியவர்களின் வாயிலிருக்கும் சொத்தைக் கிருமிகள் எச்சில் வழியாகக் குழந்தைக்குப் போகின்றன. கரண்டியை வாயில் வைத்துச் சூடு பார்க்காதீர்கள், உங்கள் சொத்தையையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

பல் முளைப்பதால் கடும் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வராது. அப்படி வந்தால் குழந்தை மருத்துவரிடம் போங்கள், பல்லின் மேல் பழி போட்டுக் காத்திருக்காதீர்கள். விழுந்து அடிபட்டுப் பால் பல் கழன்றுவிட்டால் திரும்பச் செருக வேண்டாம். நிலைப்பல் என்றால் வேரைத் தொடாமல் எடுத்து, பாலில் போட்டு, அரை மணிக்குள் பல் மருத்துவரிடம் கொண்டுவாருங்கள்.

அந்தச் சிறுமிக்கு வருவோம். குழிந்த மூன்று பற்களில் சொத்தையை நிறுத்தும் வெள்ளி மருந்தைப் பூசினேன். பூசிய இடம் கறுத்துவிடும் என்று முன்பே சொல்லி, அம்மா சம்மதித்த பிறகுதான் தொட்டேன். கட்டையாக நின்றதைக் காப்பாற்ற முடியவில்லை. பாட்டிலை ஒரே நாளில் பிடுங்கச் சொல்லவில்லை. தினமும் பாலைக் கொஞ்சம் குறைத்துத் தண்ணீரைக் கூட்டி, பத்து நாளில் வெறும் தண்ணீராக்கச் சொன்னேன்.

ஆறாம் நாள் இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. பின்னணியில் அழுகை.

"விடவே மாட்டேன் என்கிறாள் டாக்டர். இன்று ஒருநாள் மட்டும் முழுப் பாலாகக் கொடுத்துவிடட்டுமா?"

"எவ்வளவு தண்ணீர் சேர்த்திருக்கிறீர்கள்?"

"பாதிக்கு மேல்."

"அதையே கொடுங்கள். நாளைக்கும் அதே அளவு. நாளை மறுநாள் பாலைக் குறைத்துக்கொள்ளலாம்."