வேண்டுமென்றே சுருங்கும் பெயின்ட்

அடித்த பெயின்ட் காயும்போது சுருங்கிவிட்டால் எந்தப் பெயின்டரும் தலையில் கை வைத்துக்கொள்வார். சுரண்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஆனால் 1930களிலும் 40களிலும் அமெரிக்காவில் தயாரான வானொலிக் கருவிகள் பலவற்றின் இரும்புப் பெட்டியைத் தடவிப் பாருங்கள். மேல்பக்கம் முழுக்க மெல்லிய மேடும் பள்ளமுமாக நெளிந்து கிடக்கும். மாசசூசெட்ஸின் மால்டனில் இருந்த நேஷனல் நிறுவனம் 1935 வாக்கில் கொண்டுவந்த எச்ஆர்ஓ ரிசீவரை, கறுப்புச் சுருக்கம் போர்த்திய அந்த உடம்பை வைத்தே தூரத்தில் இருந்து அடையாளம் சொல்லலாம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியச் செய்திகளைக் காற்றிலிருந்து பிடித்த பிரிட்டனின் ஒய் நிலையங்களில் இந்த ரிசீவர்கள் ஏராளமாக இருந்தன.

பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோக்காரர்கள் இதை ரிங்கிள் ஃபினிஷ் (சுருக்கப் பூச்சு) என்பார்கள். பழைய செட்டைப் புதுப்பிக்க உட்காருகிறவருக்கு இதில் ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு. அடிப்படையில் இது ஒரு பெயின்ட் கோளாறு. அந்தக் கோளாறைப் பெட்டி முழுவதும் ஒரே சீராக வரவழைக்க வேண்டும். மெல்லிசாக அடி, காயவிட்டு அடுத்த கோட்டு அடி என்று கற்றுவைத்த நல்ல பழக்கமெல்லாம் இங்கே வேலையைக் கெடுக்கும்.

காரணம் எண்ணெயில் இருக்கிறது. எண்ணெய் பெயின்ட் காய்வது துணி காய்வது மாதிரி அல்ல. தின்னர் ஆவியாவது முதல் கட்டம் மட்டும்தான். அதன் பிறகு எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு, பக்கத்து மூலக்கூறுகளோடு கைகோத்து, வலைபோலப் பின்னிக் கெட்டியாகிறது. அதனால்தான் ஆளிவிதை எண்ணெய் காயும்போது எடை குறையாமல் கூடுகிறது. சீனாவின் டங் மரத்துக் கொட்டையிலிருந்து எடுக்கும் டங் எண்ணெய் இந்த விஷயத்தில் இன்னும் அவசரக்காரன். அதில் பெரும்பங்கு எலியோஸ்டியரிக் அமிலம். அதன் சங்கிலியில் மூன்று இரட்டைப் பிணைப்புகள் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுத்தடுத்து அமைந்திருப்பதால் ஆக்சிஜன் பட்டதும் மளமளவென்று பின்னிக்கொள்ளும். பச்சையாகப் பூசினால் மேலே சுருங்கி, மங்கலாகப் பூத்துப்போகும். வார்னிஷ் தயாரித்தவர்கள் இந்தக் குணத்தைப் போக்கவே எண்ணெயை முன்கூட்டிச் சூடாக்கிப் பதப்படுத்தினார்கள். பிறகு சிலர், போக்குவானேன், இதையே விற்கலாமே என்று யோசித்தார்கள்.

சுருக்கம் விழுவது இப்படித்தான். ஆக்சிஜன் மேலிருந்து வருகிறது. அதனால் மேல்பகுதி முதலில் கெட்டியாகி, சூடான பால் ஆறும்போது ஆடை படிவதுபோல ஒரு தோல் உண்டாகிறது. அடியில் இருப்பது இன்னும் கூழ். தோல் மேலும் ஆக்சிஜனை வாங்கிக்கொள்கிறது, கீழே உள்ள திரவத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. இரண்டாலும் அது ஊதிப் பெரிதாகப் பார்க்கிறது. பக்கவாட்டில் விரியத்தான் இடமில்லை, நாலாபுறமும் அதே தோல் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. நெருக்கடி ஓர் அளவைத் தாண்டியதும் மேலும் கீழுமாக மடங்குவதைத் தவிர வேறு வழியில்லை. கோபால்ட் கலந்த ட்ரையர் மேல்பரப்பைத்தான் விரட்டிக் காயவைக்கும் என்பதால், ரிங்கிள் பெயின்டில் அது வேண்டுமென்றே தாராளமாகச் சேர்க்கப்பட்டது.

சுருக்கம் பொடியாக வருமா, பெரிதாக வருமா என்பதற்கும் இயற்பியலில் பதில் இருக்கிறது. தோலுக்கு வளைவது கஷ்டம். அதனால் அகலமான, மென்மையான அலைகளையே அது விரும்பும். அடியில் உள்ள மெத்தை அமுங்குவதற்கும் இழுபடுவதற்கும் எதிர்ப்புக் காட்டும். அது குறுகலான அலைகளையே பொறுத்துக்கொள்ளும். இரண்டும் சமரசமாகும் இடத்தில் அலையின் அகலம் நிற்கிறது. தடிமனான மெத்தைமேல் மெல்லிய தோல் என்று வைத்துக் கணக்குப் போட்டால், அலையின் அகலம் தோலின் தடிமனோடு நேராக வளரும். தோலுக்கும் மெத்தைக்கும் உள்ள விறைப்பு விகிதத்தோடு மட்டும் கனமூலமாக, அதாவது மெதுவாகத்தான் வளரும். தோல் ஆயிரம் மடங்கு விறைப்பானது என்றாலும் அலையின் அகலம் தோலின் தடிமனைப்போல நாற்பது மடங்கு சொச்சம்தான். பெயின்டுக்கு இந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. கூழ் ஆழம் குறைவு, அடியில் அசையாத தகடு. ஆனால் திசை சரி. கனமாக அடித்தால் பெரிய நெளி, மெல்லிசாக அடித்தால் பொடி நெளி. ரொம்ப மெல்லிசாக அடித்தால் ஆக்சிஜன் அடிவரை போய்விடும், மேலும் கீழும் ஒன்றாகக் காயும், சுருக்கமே வராது.

உற்பத்தியாளர்களுக்கு இதில் கிடைத்த லாபம் அழகு மட்டுமல்ல. வழவழப்பான பெயின்டின் கீழே வெல்டிங் தழும்பு, தகட்டின் சின்னச் சொட்டை, வார்ப்பின் பொத்தல் எல்லாம் பளிச்சென்று தெரியும். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஆள் வேண்டும். சுருக்கம் எல்லாவற்றையும் மறைத்துவிடும். விளக்கு வெளிச்சம் கண்ணில் அடிக்காது, கைரேகையும் தெரியாது. தொழில் பெரிதானதும் சண்டையும் வந்தது. காப்புரிமைக்காக மோதிக்கொண்ட கே அண்ட் எஸ், சாடலாய்டு என்ற இரண்டு நிறுவனங்கள் 1937இல் சமாதானமாகி, நியூ ரிங்கிள் என்ற பெயரில் காப்புரிமைகளை ஒரே கூடையில் போட்டன. 1948க்குள் இருநூறுக்கும் மேற்பட்ட பெயின்ட் நிறுவனங்கள் அதனிடம் உரிமம் வாங்கியிருந்தன. உரிமத்திலேயே விற்பனை விலையும் எழுதியிருந்தது. இப்படிக் காப்புரிமையைக் காட்டி ஒரு தொழிலே கூடி விலை வைப்பதைச் சட்டம் ஏற்காது என்று 1952இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. ரேடியோ பெட்டிக்கு அடித்த பெயின்டுக்கு உச்ச நீதிமன்றம்வரை வழக்கு!

இடையில் போர் வந்து சீனாவின் டங் எண்ணெய் வரத்தை முடக்கியபோது மாற்றாகக் கைகொடுத்தவற்றில் ஒன்று நம் ஆமணக்கு. விளக்கெண்ணெய் தானாகக் காயாது, எவ்வளவு நாள் வைத்தாலும் பிசுபிசுப்புதான். வினையூக்கி சேர்த்துச் சூடாக்கி அதன் மூலக்கூறிலிருந்து ஒரு நீர் மூலக்கூறைப் பிடுங்கிவிட்டால் அங்கே புதிதாக ஓர் இரட்டைப் பிணைப்பு முளைக்கும். அப்புறம் அது காயும் எண்ணெய்.

சரி, இன்று கையில் ஒரு பழைய பெட்டி இருக்கிறது. என் கருத்தைக் கேட்டால், முதலில் சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதுமா என்று பார்க்கச் சொல்வேன். பள்ளங்களில் சேர்ந்த அழுக்கும் சிகரெட் புகைக் கறையுமே பாதிப் பெட்டிகளை அலங்கோலமாகக் காட்டுகின்றன. உரிந்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போடுவது பெரும்பாலும் கைகூடாது. பழைய நெளியும் புது நெளியும் ஒத்துப்போகாது. பழைய சுருக்கத்தின் மேலேயே அடித்தால் பள்ளங்கள் நிரம்பி மொத்தையாகிவிடும். மாற்றுவதென்றால் தகடுவரை உரிக்க வேண்டும்.

உரிப்பதற்கு முன் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். இரும்பு என்றால் காஸ்டிக் சோடாக் கரைசல் எண்ணெய் பெயின்டைச் சோப்பாக மாற்றிக் கரைத்துவிடும். அலுமினியத்தை அதில் போட்டால் பெயின்டோடு தகடும் கரைய ஆரம்பிக்கும், தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவும் வெளியேறும். கடையில் விற்ற பழைய பெயின்ட் ரிமூவர்களில் இருந்தது டைகுளோரோமீத்தேன். அது செய்வதும் சுருக்க வேலைதான். சின்ன மூலக்கூறு என்பதால் படலத்துக்குள் நுழைந்து அதை ஊதவைக்கும். ஊதிய படலம் தகட்டை விட்டு நெளிநெளியாக எழும்பிவிடும். மூடிய அறையில் அதன் ஆவியைச் சுவாசித்து உயிர்கள் போனதால், பொதுமக்களுக்கு விற்கும் ரிமூவரில் அது இருக்கக் கூடாது என்று 2019இல் அமெரிக்கா தடுத்தது. உப்புத்தாளை எடுப்பதற்கு முன்பும் யோசியுங்கள். அந்தக் காலப் பெயின்டில் ஈயமும், ராணுவ செட்டுகளின் ப்ரைமரில் துத்தநாகக் குரோமேட்டும், பாகங்களைத் தாங்கும் உள்சட்டமான சாசியின் முலாமில் காட்மியமும் இருக்கலாம். மூன்றுமே தூசியாக நுரையீரலுக்குள் போகக் கூடாதவை.

அடிக்கும்போது தகடு படுத்த வாக்கில் இருக்கட்டும், கனமான கோட்டு நிமிர்ந்த பரப்பில் வழிந்துவிடும். ஸ்ப்ரே கேனில் ரிங்கிள் பெயின்ட் கிடைக்கிறது. ஒரு கோட்டு இடமிருந்து வலம், அடுத்தது மேலிருந்து கீழ், மூன்றாவது மூலைவாட்டில் என்று, காயவிடாமல் சில நிமிட இடைவெளியில் அடிப்பது வழக்கம். திசை மாற்றுவது எல்லா இடத்திலும் தடிமன் ஒன்றாக விழத்தான். பிறகு சூடு. ஓவனிலோ ஹீட் லாம்ப் கீழோ வைத்தால் மேல்தோல் சீக்கிரம் உண்டாகி நெளி பொடியாகவும் சீராகவும் வரும். ஒரு பக்கம் மட்டும் சூடு அதிகமானால் அந்தப் பக்கத்து நெளி தனியாகத் தெரியும். சமையலறை ஓவனை மட்டும் இதற்குத் தொடாதீர்கள்.

சாதாரண எனாமல் கேனின் பின்னால், ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த கோட்டு அடியுங்கள், இல்லையென்றால் சில நாள் கழித்து அடியுங்கள் என்று போட்டிருப்பதும் இதே காரணத்தால்தான். நடுவில் அடித்தால் புதுக் கோட்டின் தின்னர், அரைகுறையாகக் காய்ந்த பழைய கோட்டை ஊதவைத்துச் சுருக்கிவிடும். வழவழப்பான பெட்டியில் கேட்காமலே ரிங்கிள் ஃபினிஷ் கிடைப்பது இப்படித்தான்.

சில கருவிகளில் சுத்தியலால் தட்டியதுபோன்ற ஹாமர் ஃபினிஷ் இருக்கும். அதுவும் ஒரு கோளாறின் பிள்ளைதான், ஆனால் வேறு கோளாறு. துளி சிலிகான் பட்ட இடத்தில் பரப்பு இழுவிசை குறைந்து, பெயின்ட் சுற்றிலும் விலகிக் குழி விழும். அலுமினியப் பொடி அந்த ஓட்டத்தோடு நகர்ந்து குழியின் விளிம்பைக் காட்டிக்கொடுக்கும். யாராவது முன்பு சிலிகான் பாலிஷ் போட்ட பெட்டியைச் சரியாகக் கழுவாமல் அடித்தால், வேண்டாத இடத்திலும் இந்தக் குழிகள் வரும்.

நிறத்தைப் பற்றி ஒரு நம்பிக்கை உலவுகிறது. வால்வு செட்டின் சூட்டைக் கறுப்புதான் நன்றாக வெளியேற்றும் என்பார்கள். பளபளக்கும் வெறும் அலுமினியத்தை விடப் பெயின்ட் அடித்தது பல மடங்கு நன்றாக வெப்பத்தைக் கதிர்வீசும், அது உண்மை. ஆனால் அந்த வெப்பநிலையில் வெளிவருவது அகச்சிவப்புக் கதிர். அதற்குக் கறுப்பும் சாம்பலும் ஏறக்குறைய ஒன்றுதான். பிடித்த நிறம் அடிக்கலாம்.

புதுப்பித்தவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் வேறு. இந்தப் பெட்டி அலங்காரத்துக்கு மட்டும் போட்டதல்ல, ரேடியோ அலைக்கு அதுதான் வேலி. மூடியும் சாசியும் உலோகத்தோடு உலோகம் தொட்டால்தான் வேலி முழுமையாகும். இடுக்கில் பெயின்ட் புகுந்தால் அந்த நீளமான கீற்றே ஒரு ஆன்டெனா மாதிரி நடந்துகொண்டு அலையைக் கசியவிடும். மின்கசிவு ஏற்பட்டால் மூடிக்கு எர்த் கிடைக்காது என்பது அதைவிடப் பெரிய ஆபத்து. தொழிற்சாலையில் விளிம்பையும் திருகு துளைகளின் சுற்றுப்புறத்தையும் பெயின்ட் படாமல் விட்டிருந்தார்கள் என்றால் நீங்களும் அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள். எல்லாம் மாட்டிய பிறகு, மின்சாரம் கொடுப்பதற்கு முன், மல்டிமீட்டரின் ஒரு முனையைச் சாசியிலும் மறுமுனையை மூடியின் திருகுத் தலையில் அல்லாமல் மூடியின் உள்பக்க வெறும் தகட்டிலும் வையுங்கள். ஒரு ஓமுக்கு மேல் காட்டினால் திருகைக் கழற்றி அங்கே சுரண்ட வேண்டும்.