பர்ஃபம்: பெட்டியின் பின்புறத்தில் உள்ள ஒரு சொல்

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில், வளைகாப்புக்கு வரும் பரிசுக் கூடைகளில் மணமுள்ள பவுடர், உடல் லோஷன், செண்டு ஆகியவை பெரும்பாலும் இடம்பெறுகின்றன. அவற்றின் பெட்டிகளைத் திருப்பிப் பார்த்தால், சேர்மானப் பட்டியலில் "பர்ஃபம்" அல்லது "ஃபிரேக்ரன்ஸ்" என்ற ஒற்றைச் சொல் இருக்கும். கர்ப்பிணிகள் அறிந்துகொள்ள வேண்டிய சொல் அது.

இலத்தீனில் "பெர்" என்றால் ஊடாக, "ஃபூமுஸ்" என்றால் புகை. பிசினையும் மரத்துண்டுகளையும் எரித்து எழுப்பிய நறும்புகையே இச்சொல்லின் முதற்பொருள். பிள்ளை பெற்றவளின் ஈரக் கூந்தலுக்குக் காட்டும் சாம்பிராணிப் புகை, இன்றைய செண்டுப் புட்டியைவிட அப்பழம்பொருளுக்கு நெருக்கமானது. மலாயில் "மின்யாக் வாங்கி", அதாவது மணமுள்ள எண்ணெய் என்று வழங்குவதில் புகை மறைந்து திரவம் வந்துவிட்டது.

பெட்டியின் மீது இச்சொல்லுக்குரிய பொருள் இன்னும் விரிவானது. மலேசியா பின்பற்றும் ஆசியான் ஒப்பனைப்பொருள் விதிகளின்படி சேர்மானங்களை எழுதியாக வேண்டும். ஆயினும் மணத்துக்காகச் சேர்த்த பல பத்து வேதிப்பொருள்களையும் இந்த ஒரே சொல்லால் குறித்துவிடலாம். அவற்றுள் மணத்தைக் கரைத்து நெடுநேரம் நிறுத்திவைக்கும் டைஎத்தில் தாலேட்டும் இருக்கக்கூடும்; இது தாலேட்டுகள் எனப்படும் வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தது. தாலேட்டுகள் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் செல்கின்றன. அவற்றின் சிதைபொருள்கள் பனிக்குட நீரிலும் கண்டறியப்பட்டுள்ளன. தாலேட்டுகளுள் சில, கருவிலுள்ள ஆண் குட்டியின் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் சுரப்பைக் குறைப்பதாக விலங்காய்வுகள் காட்டியுள்ளன. ஆய்வாளர் ஷானா ஸ்வான் தலைமையில் அமெரிக்காவில் நடந்து 2005இல் வெளியான ஆய்வு, தாயின் சிறுநீரில் சில தாலேட்டுச் சிதைபொருள்கள் மிகுந்திருந்ததற்கும் ஆண் குழந்தைகளின் பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தூரம் குறைந்திருந்ததற்கும் தொடர்பு கண்டது. 2022இல் 16 அமெரிக்க ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்தபோது, குறைமாதப் பிரசவத்தோடும் தொடர்பு தென்பட்டது. இவை பலரை ஒருங்கே ஆராய்ந்தபோது காணப்பட்ட தொடர்புகளே. ஒரு புட்டி செண்டு ஒரு குழந்தையைக் கெடுத்தது என்று இவற்றைக் கொண்டு சொல்ல முடியாது, ஏற்கெனவே பூசிவிட்ட தாய் அஞ்சி நடுங்கவும் வேண்டியதில்லை. தாலேட்டுகள் உடலில் நெடுநாள் தங்குவதில்லை: கலிஃபோர்னியாவில் நடந்து 2016இல் வெளியான ஆய்வொன்றில், இத்தகைய பொருள்கள் இல்லாத ஒப்பனைப்பொருள்களுக்கு மூன்றே நாள் மாறிய இளம்பெண்களின் சிறுநீரில் டைஎத்தில் தாலேட்டின் சிதைபொருள் 27 விழுக்காடு குறைந்தது. "லிலியால்" என்ற மணப்பொருளை, இனப்பெருக்கத்துக்குத் தீங்கானது என்று வகைப்படுத்தி, ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் முதல் ஒப்பனைப்பொருள்களில் தடைசெய்திருக்கிறது.

தமிழில் "நறுமணம்" என்று எழுதுவது போதாது. அது பண்பைக் குறிக்கும் சொல், உள்ளிருக்கும் பொருளைக் குறிப்பதில்லை. மணப்பொருளுக்கு "விரை" என்ற பழஞ்சொல் உண்டு. மாதவி நீராடிய நீரில் பத்துத் துவரும் (துவர்ப்புப் பொருள்கள்) ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் (மணச் சரக்குகள்) ஊறியிருந்தன என்று சிலப்பதிகாரம் எண்ணிக்கையோடு கூறுகிறது. அந்த அளவுகூட இன்றைய பெட்டிகள் கூறவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. "விரை" இன்று வேறு பொருளில் வழங்குவதால், "நறுமணக் கலவை" என்பதே பொருத்தமான சொல் என்பேன்.

இதனோடு சேர்ந்த இரு சொற்களையும் பிரித்தறிய வேண்டும். "ஃபிரேக்ரன்ஸ் ஃபிரீ" என்பது நறுமணக் கலவை சேர்க்காதது. "அன்சென்டட்" என்பது மணம் தெரியாதது மட்டுமே, ஏனெனில் மூலப்பொருள்களின் வாடையை மறைப்பதற்கென்றே அதில் நறுமணக் கலவை சேர்த்திருக்கலாம். கர்ப்பிணிகள் முன்னதைத் தேடி வாங்குவது நல்லது. பெட்டியின் முன்புறம் எதைச் சொன்னாலும், பின்புறப் பட்டியலில் "பர்ஃபம்" இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.