கிரியோ: நாடோடியும் அல்லர், வெறும் பாடகரும் அல்லர்

சென்ற மாதம் ஓர் இசை நிகழ்ச்சியில், கோரா என்னும் தந்திக் கருவியை வாசிக்க வந்திருந்த காம்பியா நாட்டுக் கலைஞரை அறிவிப்பாளர் 'ஆப்பிரிக்க நாடோடிப் பாடகர்' என்று அறிமுகப்படுத்தினார். வந்தவரோ அன்று வாயே திறக்கவில்லை. இரண்டு மணி நேரம் வாசித்துவிட்டுப் போனார். மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு குடும்பத்தின் குடிவழியையும் புகழையும் பரம்பரையாகச் சொல்லிவரும் கலைஞர்தான் 'கிரியோ'. அந்தச் சொல்லுக்கு இந்த மொழிபெயர்ப்பை நான் கேட்பது இது மூன்றாவதோ நான்காவதோ தடவை. முதலில் அச்சில் பார்த்தபோது 'கிரியாட்' என்று வேறு இருந்தது. கடைசி எழுத்தை ஒலிக்காத பிரெஞ்சுச் சொல் அது. கிரியோ என்று எழுதினால் போதும்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பயணக் குறிப்புகளில் 'கிரியோ' தலைகாட்டுகிறது. வேலையாளைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்ததாகச் சிலர் சொல்வார்கள். வழக்கு இன்னும் தீரவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் மாண்டிங் மக்கள் தங்கள் மொழியில் சொல்வது 'ஜெலி' அல்லது 'ஜாலி'. செனகலின் வொலோஃப் மக்களுக்கு 'கெவெல்'.

இனி நாடோடிக்கு வருகிறேன். நாட்டார் பாடல்களை ஒரு காலத்தில் நாம் நாடோடிப் பாடல் என்றோம். பாட்டு வாய்க்கு வாய் தாவி நாடு முழுக்க ஓடும். அதனால் அந்தப் பெயரில் பிழையில்லை. ஆனால் அதே அடைமொழியைப் பாடுகிறவர் தலையில் வைத்தால் அவர் வீடு வாசல் இல்லாதவர் ஆகிவிடுகிறார். ஜெலியோ ஒரு குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாகக் கட்டுப்பட்டவர். 13ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுன்ஜாத்தாவின் காவியத்தில், தந்தையான அரசர் மகனுக்கு விட்டுச்செல்லும் பெரிய செல்வம் பாலா ஃபாசெக்கே என்னும் ஜெலிதான். அவர் வழிவந்தவர்களே குயாத்தே குடும்பத்தார் என்பது மரபு. ஒரு நாடோடியை யாராவது மகனுக்கு விட்டுச்செல்ல முடியுமா?

'பாடகர்' என்ற பாதியும் நிற்காது. மாலியின் புகழ்பெற்ற பாடகர் சலீஃப் கெய்த்தா ஜெலி அல்லர். சுன்ஜாத்தாவின் அரச வழியில் வந்தவர். அந்தக் குலத்தார் பாடுவது முறையல்ல என்பதால் எதிர்ப்பைச் சந்தித்துத்தான் பாட வந்தார். மறுபுறம், 2024இல் மறைந்த துமானி ஜபாத்தே பெயர்பெற்ற ஜெலிக் குடும்பத்தவர். அவர் பாடியவர் அல்லர், இருபத்தொரு தந்திக் கோராவை வாசித்தவர். ஜெலியாக இருந்தும் பாடாதவர் ஒருவர், பாடியும் ஜெலி ஆகாதவர் ஒருவர். இந்த இருவரையும் பிரித்துக் காட்டாத சொல் எனக்கு வேண்டாம். குடிவழி சொல்வது, பெண் கேட்டுப் பேசி முடிப்பது, சண்டையை விலக்குவது, தலைவர் மெல்லச் சொன்னதை ஊருக்கு உரக்கச் சொல்வது எல்லாம் ஜெலியின் வேலைதான். பாட்டு அவற்றில் ஒன்று.

அண்மையில் 'இசைக் கதைசொல்லி' என்றும் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். இப்போது எதற்கெடுத்தாலும் கதைசொல்லி. இயக்குநர் கதைசொல்லி, விளம்பரக்காரர் கதைசொல்லி, வங்கிக்காரர்கூடக் கதைசொல்லி. அந்தக் கும்பலில் ஜெலியையும் தள்ளிவிட வேண்டாம். மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியை மூடிவிட்டு ஒரு முறை புறநானூற்றைத் திறந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. 'துடியன் பாணன் பறையன் கடம்பன்' என்று அங்கே நான்கு குடிகள் நிற்கின்றன. பாணர் என்பது தொழிலின் பெயர் மட்டும் அல்ல, குடியின் பெயரும்கூட. யாழ் உண்டு, புரவலர் உண்டு, புகழ்ந்து பாடும் உரிமை உண்டு.

நம் பாணரும் ஊர் ஊராகச் சுற்றியவர்தாமே, ஆற்றுப்படை முழுக்க அவர்கள் நடைதானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வெறும் 'பாணர்' என்றால் பின்வாசல் வழியாக நாடோடி மறுபடி நுழைந்துவிடுவார். அரசர் புகழை ஏத்திய சூதர் என்ற சொல்லும் நம்மிடம் உண்டு. ஆனால் இன்றைய வாசகர் காதில் அது சூதாட்டமாக விழும். அதனால் 'குடிப்பாணர்' என்கிறேன். தாமும் ஒரு குடி, ஒரு குடிக்கு உரியவரும்கூட. இரண்டும் அந்த ஒரு சொல்லில் அடங்கும். கட்டுரையில் முதன்முறை வரும் இடத்தில் ஜெலி என்று எழுதிப் பக்கத்தில் குடிப்பாணர் என்று விளக்கிவிட்டால், அடுத்த வரியிலிருந்து தமிழிலேயே போகலாம்.

பெண் கலைஞரை மாண்டிங் மொழியில் ஜெலிமுசோ என்பார்கள். முசோ என்றால் பெண். இதற்குப் 'பெண் குடிப்பாணர்' என்று யாரும் எழுதிவைக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: பாடினி என்ற சொல் சங்க காலத்திலிருந்தே நம்மிடம் இருக்கிறது. குடிப்பாடினி.