மகன் அனுப்பிய வீடியோவும் பிரிக்காத மாத்திரை அட்டைகளும்

குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். மீன் விற்றுவிட்டுத் திரும்பியிருந்த அறுபது வயது அம்மா ஒருவர் பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே நாலு மாதத்துச் சர்க்கரை மாத்திரை, அட்டை பிரிக்காமல் அப்படியே இருந்தது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாதாமாதம் வீட்டுக்கே வந்து கொடுத்தவை. வாங்கி வைக்கிறார், சாப்பிடுவதில்லை.

"சுகர் மாத்திர தின்னா கிட்னி போயிரும்னு மவன் வீடியோ அனுப்பியிருக்கான் மக்களே. கல்ஃபுல கெடந்து கஷ்டப்படுத புள்ள, பெத்த தாய்க்குக் கெடுதல் சொல்லுவானா?"

ஊடக உளவியலும் நலவாழ்வுத் தகவல் தொடர்பும்தான் என் படிப்பு, என் வேலை. நாகர்கோவிலில் வகுப்பெடுக்கிறேன், ஆய்வுக்காக வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசுகிறேன். ஆனாலும் அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. "அது பொய் வீடியோ" என்று சொல்லியிருந்தால், பிள்ளையைப் பொய்யன் என்று சொன்னதாகத்தான் அவர் காதில் விழுந்திருக்கும்.

படிக்காதவர்கள்தான் வதந்தியை நம்புவார்கள் என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு அதிகமான மாவட்டம் குமரிதான், 91.75 சதவீதம். அந்த டின்னை நான் பார்த்ததும் இங்கேதான். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது தமிழகம் முழுக்க வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. அதை நம்பிப் பிள்ளைக்கு ஊசி வேண்டாம் என்றவர்களில் படித்த பெற்றோரும் இருந்தார்கள்.

மாணவர்களிடம் ஒவ்வொரு வருடமும் கேட்பேன், இப்படி வருவதையெல்லாம் நம்புவீர்களா என்று. "நான் நம்ப மாட்டேன் மிஸ், எங்க அம்மா நம்புவாங்க." அம்மாக்களிடம் கேட்டால் பக்கத்து வீட்டைக் கைகாட்டுவார்கள். இதற்கு 'மூன்றாம் நபர் விளைவு' என்று 1983இல் டேவிசன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் பெயர் வைத்தார். தனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைப்பவர் காவல் இல்லாத வீடு மாதிரி. அதோடு, ஒரே செய்தி திரும்பத் திரும்பக் கேட்டால் உண்மை போலத் தோன்றும் என்பதையும் 1977லேயே சோதனை செய்து காட்டியிருக்கிறார்கள். குடும்ப குரூப், தெரு குரூப், கூடப் படித்தவர்கள் குரூப் என்று மூன்றிலும் ஒரே வீடியோ வந்தால், மூன்று பேர் சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சர்க்கரை நோய் முகாமுக்காக, அழுகிய காலின் படத்தைப் பெரிதாகப் போட்டு போஸ்டர் செய்தேன். வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். பயத்தோடு, என்ன செய்ய வேண்டும், அது நம்மால் முடியும் என்ற தைரியத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் மனசு நோயை விட்டுவிட்டுப் பயத்தை மட்டும் தள்ளிவிடப் பார்க்கும். தினமும் ராத்திரி பாதத்தைப் பாருங்கள், மணலில் வெறுங்காலோடு நடக்காதீர்கள், புண் இருந்தால் மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள் என்று மூன்று வரி அந்தப் படத்துக்குக் கீழே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

சரி, அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். வீடியோவின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தது. பலமுறை ஃபார்வேர்ட் ஆனது என்று அதற்கு அர்த்தம். அனுப்பியவன் மகன், சொன்னவர் யாரோ. இதைப் புரிந்துகொண்டதும் மகனிடமே போனில் பேசினேன். கட்டுப்படாத சர்க்கரைதான் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதை முதலில் சொன்னேன். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையின் அளவை மருத்துவர் குறைப்பார், சிலருக்கு நிறுத்துவார். அந்தத் துளி உண்மையை வீடியோ எப்படித் திரித்திருக்கிறது என்று அப்புறம் விளக்கினேன். பொய்யை வைத்துப் பேச்சை ஆரம்பித்தால், அதை இன்னொரு முறை நாமே பரப்பியதாக ஆகிவிடும்.

அன்று இரவே அவர் அம்மாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். "யம்மா, நான் முழுசா பாக்காம அனுப்பிட்டேன். டாக்டர்ட்ட போய்க் கேட்டு மாத்திரய தின்னு." நான் பத்து முறை போயிருந்தாலும் இது நடந்திருக்காது. உங்கள் வீட்டிலும் அப்பாவோ சித்தியோ இப்படி ஒன்றை குரூப்பில் போட்டால், எல்லார் முன்னாலும் திருத்தாதீர்கள். தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர்கள் வாயாலேயே குரூப்பில் சொல்ல வையுங்கள்.

பரிசோதனையில் அந்த அம்மாவின் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) சரியாக இருந்தது, சர்க்கரைதான் ஏறியிருந்தது. டின்னில் இருந்ததைத் தானாக எடுத்து விழுங்காமல், மருத்துவர் எழுதிய அளவில் மறுபடியும் தொடங்கினார். நீங்களும் இடையில் மாத்திரையை நிறுத்தியிருந்தால், மிச்சமிருக்கும் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். திட்டுவாரோ என்று மறைக்காதீர்கள். எத்தனை நாள் சாப்பிடவில்லை என்று தெரிந்தால்தான் அவரால் அளவைச் சரியாக எழுத முடியும்.