திங்கட்கிழமை வயிற்றுவலி

குழந்தை நல மருத்துவராகத் திங்கட்கிழமை காலைகளில் நான் அதிகம் பார்ப்பது வயிற்றுவலி. ஸ்கேன் எடுத்தாச்சு, பூச்சி மாத்திரை கொடுத்தாச்சு, ஒன்றும் இல்லை என்பார்கள். அப்படி வந்த ஒன்பது வயதுப் பையனின் அம்மாவிடம், "ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீட்டில் எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பையன்தான் சொன்னான்: "அப்பா குடிச்சிட்டு அடிப்பாரு. நான் ஸ்கூலுக்குப் போயிட்டா அம்மாவ யாரு பார்த்துக்குவா?"

அவன் நடிக்கவில்லை. ஓயாத பயம் தூக்கத்தையும் செரிமானத்தையும் படிப்பையும் சேர்த்தே கெடுக்கும். வலி உண்மையான வலிதான்.

அமெரிக்காவின் சான் டியாகோவில் மருத்துவர்கள் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் பெரியவர்களிடம் அவர்களுடைய சிறுவயதைக் கேட்டார்கள்: அடி, வசவு, பாலியல் தொல்லை, வீட்டில் குடி, அம்மா அடிவாங்கியது போன்றவை. 1998-இல் வெளியான அந்த ஆய்வில், இவற்றில் நான்கோ அதற்கு மேலோ பட்டவர்களுக்குக் குடிநோய், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு கூடியிருந்தது. பையனின் அப்பாவிடம் பேசியபோது, அவருடைய அப்பாவும் இப்படித்தான் அடித்தார் என்று தெரிந்தது.

அவரை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பினோம். குடிநோய்க்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு. ஆனால் பலன் தெரிய மாதங்கள் ஆகும், நடுவில் சறுக்கலும் வரும். அதுவரை பிள்ளை என்ன செய்வான்? இரண்டு தெரு தள்ளி அம்மாச்சி வீடு. குடித்துவிட்டு வரும் இரவுகளில் அம்மாவும் பிள்ளையும் அங்கே போவதென்று முடிவானது. உடைகளும் பள்ளிப் பையும் அங்கேயே தயாராக இருந்தன. வகுப்பாசிரியரிடம் அம்மாவே பேசினார். ஆசிரியர் தினமும் காலையில் அவனிடம் "சாப்டியாடா?" என்று கேட்க ஆரம்பித்தார். என் மாத்திரைகளைவிட அந்தக் கேள்விக்குத்தான் வலி குறைந்தது என்று நினைக்கிறேன். நம்பிப் போக ஒரு பெரியவர் இருந்தால் பிள்ளை எவ்வளவோ தாங்கும்.

இன்னொன்று. "அடியாத மாடு படியாது" என்று என்னிடமே சொல்லும் பெற்றோர் உண்டு. அடிவாங்கும் பிள்ளை பயத்தையும் பொய்யையும்தான் கற்றுக்கொள்கிறது. பள்ளியில் அடிப்பதை 2009 கல்வி உரிமைச் சட்டமே தடை செய்கிறது. வீட்டில் கோபம் தலைக்கேறினால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள், அப்புறம் பேசலாம்.

பக்கத்து வீட்டில் அலறல் கேட்டால் "அவங்க குடும்ப விஷயம்" என்று இருந்துவிடாதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பெண்களுக்கு 181. இரண்டும் இலவசம். 1098-ஐ நீங்களும் அழைக்கலாம், அந்தப் பிள்ளையே அழைக்கலாம்.