12 வோல்ட் இருக்கிறது, வெளிச்சம் இல்லை

மாலை ஆறரை மணிக்குக் காரை எடுத்தேன். ஹாரன் அடித்தது, வைப்பர் ஓடியது, இண்டிகேட்டர் மினுக்கியது. முன்விளக்கு மட்டும் எரியவில்லை. இரண்டு பக்கமும், டிம்மும் இல்லை, பிரைட்டும் இல்லை. போன வாரம்தான் இரண்டு பல்பையும் புதிதாக மாற்றியிருந்தேன். ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன். கம்பி முழுசாக இருந்தது. சுவிட்சைப் போட்டுவிட்டு, இரண்டு பல்பையும் கழற்றி, ஒரு ஹோல்டரின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தேன். 12.4 வோல்ட் காட்டியது. பல்புகளைத் திரும்ப மாட்டினேன். இருட்டுதான்.

பல்ப் நல்ல பல்ப். பல்பின் வாசல்வரை முழு மின்னழுத்தமும் வந்து நிற்கிறது. பிறகு ஏன் எரியவில்லை? அன்று ஒரு மணிநேரம் என்னைத் திணறடித்த இந்தக் கேள்விக்குள்தான் முன்விளக்குக் கோளாறுகளில் பாதி அடங்கியிருக்கிறது.

முதலில் மின்சாரம் போகும் பாதையைப் பார்த்துவிடலாம். பேட்டரியின் நேர்முனையில் கிளம்பி, ஃபியூஸ், ரிலே (காந்தச் சுருளால் இயங்கும் சுவிட்ச்) வழியாக பல்புக்கு வருகிறது. இழையைக் கடந்ததும் ஒரு சின்ன வயர் வழியாக காரின் இரும்பு உடம்பில் இறங்கி, அந்த உடம்பு வழியாகவே பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்புகிறது. திரும்பும் பாதைக்குத் தனி வயர் இழுக்காமல் உடம்பையே வயராக்கிக்கொண்ட சிக்கனம் இது. பட்டறையில் இதைத்தான் பாடி எர்த் என்பார்கள். கோயில் தேர் நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வந்தாக வேண்டும். ஒரு வீதி அடைபட்டிருந்தால் தேர் பாதி தூரம் வந்து நிற்கும். மின்னோட்டம் அப்படியும் இல்லை. கடைசி வீதி அடைபட்டிருந்தால் அது நிலையை விட்டு நகரவே நகராது.

நம் ஊர்ச் சிறிய கார்களில் பெரும்பாலும் இருப்பது எச்4 வகை ஹாலஜன் பல்ப். ஒரே குமிழுக்குள் இரண்டு இழைகள்: டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60 வாட். பின்புறம் மூன்று கால்கள். இழைக்கு ஒன்றாக இரண்டு, இரண்டுக்கும் பொதுவாக எர்த்துக்கு ஒன்று. 55 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 4.6 ஆம்பியர். இரண்டு பக்கமும் சேர்ந்தால் 9 ஆம்பியருக்கு மேல். வீட்டு வயரில் இவ்வளவு மின்னோட்டம் ஓடினால் 2000 வாட் ஹீட்டரே வேலை செய்யும். காரில் அழுத்தம் குறைவு என்பதால் ஓட்டம் அதிகம். ஓட்டம் அதிகம் என்பதால் பாதையில் உள்ள சின்னத் தடங்கல்கூடப் பெரிதாகத் தெரியும்.

ஆகவே ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் சற்றுத் தள்ளி நின்று, எதெது எரிகிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் அந்தப் பக்கத்து பல்ப், ஹோல்டர், எர்த். பல கார்களில் இடது வலது பக்கங்களுக்குத் தனித்தனி ஃபியூஸ் உண்டு, அதையும் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் டிம் மட்டும் இல்லை, பிரைட் வருகிறது என்றால் டிம், பிரைட் மாற்றும் டிப்பர் சுவிட்ச் அல்லது டிம்முக்கான ரிலே. எதுவுமே இல்லை என்றால் இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஓர் இடம். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு பல்ப் போய் மாதக்கணக்கில் ஒற்றைக் கண்ணோடு ஓட்டிக்கொண்டிருப்போம், கவனித்திருக்க மாட்டோம். இரண்டாவது பல்பும் போகும் நாளில்தான் "ரெண்டும் ஒண்ணா போயிடுச்சு" என்போம். நிஜமாகவே இரண்டும் அடுத்தடுத்து அடிக்கடி போகிறது என்றால் எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. வெறும் 5 சதவீதம் கூடுதல் மின்னழுத்தமே ஹாலஜன் இழையின் ஆயுளை ஏறக்குறையப் பாதியாக்கிவிடும்.

இழை எரிந்துகொண்டிருக்கும்போது போவதைவிட சுவிட்ச் போடும் கணத்தில் போவதுதான் அதிகம். சூடாக எரியும்போது 55 வாட் இழையின் மின்தடை சுமார் 2.6 ஓம். குளிர்ந்திருக்கையில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதனால் சுவிட்ச் போட்டதும், கண் இமைப்பதற்குள், வழக்கத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேலான மின்னோட்டம் பாய்கிறது. இழையில் எங்கே மெலிந்திருக்கிறதோ அந்த இடம் மற்ற இடங்களை முந்திக்கொண்டு சூடேறி அறுந்துபோகும். குமிழுக்குள் இருக்கும் அயோடின் அல்லது புரோமின், ஆவியாகிப் பறக்கும் டங்ஸ்டனைப் பிடித்துத் திரும்ப இழையிடமே சேர்க்கிறது. அதனால்தான் ஹாலஜன் பல்பின் கண்ணாடி கருப்பதில்லை. ஆனால் எந்த இடத்திலிருந்து போனதோ அதே இடத்தில் சேர்ப்பதில்லை. மெலிந்த இடம் மெலிந்துகொண்டேதான் போகும்.

இனி என் 12.4 வோல்ட்டுக்கு வருவோம். மல்டிமீட்டர் மின்னழுத்தத்தை அளக்கும்போது தனக்கென்று ஏறக்குறைய மின்னோட்டமே எடுத்துக்கொள்வதில்லை. அதன் உள்தடை பொதுவாக ஒரு கோடி ஓம். 12 வோல்ட்டில் அது எடுப்பது 1 மைக்ரோ ஆம்பியரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். பல்புக்கு வேண்டியதோ அதைப்போல 38 லட்சம் மடங்கு. பாதையில் எங்கோ துருப்பிடித்து 100 ஓம் தடை உருவாகியிருக்கிறது என்று வையுங்கள். ஒரு கோடி ஓமுக்கு முன் இந்த நூறு ஒரு பொருட்டே அல்ல. மீட்டர் முழு 12 வோல்ட்டையும் காட்டும். ஆனால் கால் ஓம் தடையுள்ள குளிர்ந்த இழையை அங்கே மாட்டினால் கதை தலைகீழ். ஓடுவது 0.12 ஆம்பியர், இழையின் பங்குக்குக் கிடைப்பது 0.03 வோல்ட். மீதி எல்லாவற்றையும் துரு விழுங்கிவிடுகிறது.

தெருமுனை வயரிங் கடையிலிருந்து வந்த பெரியவர் என் கையிலிருந்த மீட்டரைப் பார்த்துவிட்டு, "தம்பி, லோடு குடுத்துப் பாருங்க" என்றார். அவர் பையிலிருந்து எடுத்தது ஒரு இண்டிகேட்டர் பல்பும் இரண்டு வயரும். டெஸ்ட் லேம்ப். 21 வாட் பல்ப் 1.75 ஆம்பியர் கேட்கும். பாதை அதைத் தர முடிந்தால்தான் எரியும். ஹோல்டரின் நேர்முனைக்கும் எர்த் முனைக்கும் நடுவே வைத்தார்: எரியவில்லை. எர்த் பக்கத்து வயரை மட்டும் எடுத்து பேட்டரியின் எதிர்முனையில் தொட்டார்: பளிச்சென்று எரிந்தது. சப்ளை சரி, திரும்பும் வழிதான் அடைபட்டிருக்கிறது. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மீட்டரை வைத்தும் இதைக் கண்டுபிடிக்கலாம். வைக்கும் இடமும் நேரமும்தான் வேறு. பல்பை மாட்டி, சுவிட்சைப் போட்டு வைத்துக்கொண்டு, பல்பின் எர்த் காலுக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் நடுவே அளக்க வேண்டும். நல்ல பாதை என்றால் கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்டும். என் காரில் 12 வோல்ட்டைத் தொட்டது. ஓட்டம் முயலும்போது மின்னழுத்தம் தடங்கல் இருக்கும் இடத்தில் போய்க் குவியும். அதைத் தேடிக்கொண்டே போனால் கோளாறு அகப்பட்டுவிடும்.

தடங்கல் முழுசாக இல்லாமல் அரைகுறையாக இருந்தால் இன்னும் ஆபத்து. ஹோல்டர் தளர்ந்து அரை ஓம் தடை வந்தால் விளக்கு மங்கலாக எரியும், ஹோல்டருக்குள் 7 வாட்டுக்கு மேல் வெப்பம் உண்டாகும். பிளாஸ்டிக் பழுத்து, கருகி, உருகும். உருகிய ஹோல்டரை வெட்டிவிட்டு செராமிக் ஹோல்டர் போடுவது நல்ல தீர்வு. மங்கலும் லேசானதல்ல: மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் குறைகிறது.

ஒரு பக்கத்து எர்த் மட்டும் போனால் வேடிக்கையான ஓர் அறிகுறி தோன்றும். பிரைட் போட்டால் அந்தப் பக்கத்தில் டிம் இழையும் பிரைட் இழையும் இரண்டுமே சோகையாக எரியும். திரும்பும் வழி அடைபட்டதால் மின்னோட்டம் டிம் இழைக்குள் பின்பக்கமாக நுழைந்து, டிம் வயர் வழியாக எதிர்ப்பக்கத்து விளக்குக்குப் போய், அங்குள்ள எர்த்தில் இறங்குகிறது. தேர் வேறு வீதி தேடிக்கொண்டது. இந்த அறிகுறியைப் பார்த்தால் பல்பை மாற்றாதீர்கள், எர்த்தைப் பாருங்கள்.

ரிலேயைச் சோதிக்க அதே எண் கொண்ட ஹாரன் ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்ப்பதே எளிது. கிளிக் சத்தம் வருகிறதே என்று நம்ப வேண்டாம். சத்தம் வருவது காந்தச் சுருள் வேலை செய்வதற்கு அத்தாட்சி. உள்ளே 30, 87 என்று எண்ணிட்ட கால்களுக்கு நடுவே உள்ள, விளக்கின் மின்னோட்டம் கடக்கும் தொடுமுனை கருகியிருந்தாலும் கிளிக் கேட்கும். ஃபியூஸ் பற்றி ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். மாற்றிய ஃபியூஸ் மறுபடி போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. அங்கே சிவப்பு 10 ஆம்பியருக்குப் பதில் பச்சை 30-ஐப் போடுவதோ செப்புக் கம்பியைச் சுற்றுவதோ கூடவே கூடாது. ஃபியூஸ் காப்பது பல்பை அல்ல, வயரை. அந்தக் காவலை எடுத்துவிட்டால் ஃபியூஸ் இடத்தில் உருகப்போவது டேஷ்போர்டுக்குள் ஓடும் வயர். தீ அங்கிருந்துதான் பிடிக்கும்.

எல்.இ.டி. முன்விளக்கும் கம்ப்யூட்டர் கட்டுப்பாடும் உள்ள புதிய கார்களில் டெஸ்ட் லேம்பை வைக்காதீர்கள். அது இழுக்கும் மின்னோட்டம் எலக்ட்ரானிக் சுற்றைக் கெடுத்துவிடக்கூடும். அங்கே காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனர்தான் வழி.

என் கார் கடலூரில், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், திறந்த வெளியில் நிற்கிறது. இரண்டு விளக்குக்கும் பொதுவான எர்த் போல்ட் பேட்டரித் தட்டுக்குக் கீழே இருந்தது. கழற்றியபோது வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவே செந்துரு, செம்பின் மேல் பச்சைப் பூச்சு. பெரியவர் இரண்டையும் உப்புத்தாளால் தேய்த்து, உலோகம் மின்னும்வரை விடாமல் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாசலைன் தடவினார். சுவிட்சைப் போட்டதும் எதிரே காம்பவுண்டுச் சுவரில் இரண்டு வட்டங்கள் விழுந்தன. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே எர்த் காலில் மீட்டரை வைத்தேன். 0.08 வோல்ட்.