கியர் இறக்கும்போது வலது காலுக்கும் வேலை இருக்கிறது

மேட்டுப்பாளையத்தில் கியர் பாக்ஸ், கிளட்ச் வேலை பார்க்கிறவனிடம் இரண்டு வகை வண்டிகள் வரும். குன்னூர் ஏறப் போய், பாதி வழியில் கிளட்ச் கருகித் திரும்பியவை ஒரு வகை. ஊட்டியிலிருந்து இறங்கி வந்து, கல்லாறு பக்கம் பிரேக் மிதி மெத்தென்று உள்ளே போக, பயந்துபோய் ஓரங்கட்டியவை இன்னொரு வகை. இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். கியரை ஏற்றத் தெரிகிறது. நேரத்துக்கு இறக்கத் தெரியவில்லை.

டிரைவிங் ஸ்கூலைக் குறை சொல்லியும் பயனில்லை. சமதளத்தில், டிராஃபிக்குக்கு நடுவே, வண்டி ஆஃப் ஆகாமல் கிளம்பக் கற்றுக்கொடுப்பதற்குள்ளேயே பயிற்சி நாட்கள் முடிந்துவிடும். வேகம் குறைந்தால் கிளட்சை மிதி, கியரைக் குறை, கிளட்சை விடு என்பதோடு சரி. விடும்போது வண்டி ஏன் குலுங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை.

இப்போது மூன்றாவதாக ஒரு கூட்டமும் வருகிறது. வீடியோ பார்த்துவிட்டு வரும் தம்பிகள். "அண்ணா, எல்லா கியருக்கும் டபுள் கிளட்ச் போட்டுத்தான் மாத்தறேனுங்க. கியர் பாக்ஸ் ரொம்ப நாள் வருமல்லங்க?" என்று கேட்கிறார்கள். டபுள் கிளட்ச் என்றால் ஒரே கியர் மாற்றத்துக்கு கிளட்சை இரண்டு தடவை மிதிப்பது. எல்லா கியருக்கும் வேண்டியதில்லை தம்பி. இடது கால் இரண்டு மடங்கு உழைக்கும், மிதிக்கும்போது கிளட்சைப் பிரித்துவிடும் ரிலீஸ் பேரிங்கும் அதே போல உழைக்கும், அவ்வளவுதான். ஆனால் டபுள் கிளட்சுக்கு நடுவில் ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டுகிறார்களே, அந்தப் பாதி எல்லோருக்கும் தேவை. எது தேவை, எது தேவையில்லை என்று பிரித்துப் பார்க்க கியர் பாக்ஸுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

உள்ளே இரண்டு பக்கம் இருக்கிறது. ஒரு பக்கம் சக்கரத்தோடு சேர்ந்தது. வண்டி உருளும் வரை அதுவும் சுற்றும். இன்னொரு பக்கம் கிளட்ச் பிளேட்டோடு சேர்ந்த இன்புட் ஷாஃப்ட். கிளட்சை மிதித்தால் என்ஜினுக்கும் பிளேட்டுக்கும் தொடர்பு விட்டுப்போகும். ஆனால் ஷாஃப்ட் உடனே நின்றுவிடாது, பழைய வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்குகிறோம் என்றால், அந்த ஷாஃப்ட் முன்பைவிட வேகமாகச் சுற்றியாக வேண்டும். அதை யாராவது வேகப்படுத்த வேண்டும். இந்தக் காலத்துக் கார்களில் அந்த வேலையைச் செய்வது சிங்க்ரோ ரிங்.

ஒரு ரிங்கைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தால் விஷயம் சட்டென்று புரியும். வளையல் அளவுக்கு ஒரு பித்தளை வளையம். உள்பக்கம் சரிவாக, நுண்ணிய மரை போல வரிகள். வெளிப்பக்கம் சின்னச் சின்னப் பற்கள், ஒவ்வொன்றின் முனையும் கூராக. கியர் ராடைத் தள்ளும்போது இந்த வளையம் போய் கியரின் கூம்பில் உரசும். சைக்கிள் ரிம்மில் பிரேக் கட்டை உரசுவது போலத்தான். உரசி உரசி இரண்டு பக்கத்து வேகமும் ஒன்றாகும் வரை அதன் பற்கள் குறுக்கே நின்று, கியரைப் பூட்டும் ஸ்லீவை உள்ளே விடாது. வேகம் ஒன்றானதும் வழிவிடும், கியர் விழும். புது ரிங்கைக் கூம்பில் அழுத்தி வைத்தால் ரிங்குக்கும் கியருக்கும் நடுவே சாதாரணமாக ஒரு மில்லிமீட்டர் போல இடைவெளி நிற்கும். தேய்ந்த ரிங்கில் அது அரை மில்லிமீட்டருக்கும் கீழே வந்திருக்கும், பல் முனைகள் மழுங்கியிருக்கும். வேகம் ஒன்றாவதற்கு முன்பே ஸ்லீவ் உள்ளே நுழையப் பார்க்கும். "கர்ர்ர்" என்று கேட்கிறதே, அது அந்தச் சத்தம்.

இந்த சிங்க்ரோ முதலில் வந்தது 1928இல், அமெரிக்காவின் காடிலாக் கார்களில். அதற்கு முன் ஓட்டியவர்களுக்கு டபுள் கிளட்ச் ஒரு வித்தை இல்லை, பிழைப்பு. நம் ஊரிலும் பழைய லாரி டிரைவர்களின் கால் அப்படித்தான் பழகியிருந்தது. பழைய அம்பாசடரிலும் பத்மினியிலும்கூட இரண்டு, மூன்று, நான்குக்குத்தான் சிங்க்ரோ. முதல் கியருக்கு இல்லை. வண்டி உருளும்போது முதல் கியர் போட நினைத்தால் ஒன்று நிறுத்த வேண்டும், இல்லையென்றால் டபுள் கிளட்ச் போட வேண்டும். 1983 கடைசியில் மாருதி 800 வந்தபோது முன்னோக்கிப் போகும் நான்கு கியருக்கும் சிங்க்ரோ இருந்தது. அதோடு அந்தப் பழக்கம் கார்க்காரர்களிடமிருந்து மெல்லப் போய்விட்டது.

சரி, டபுள் கிளட்ச் எப்படி? கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வருவது. அங்கேயே கிளட்சை விடுவது. விட்ட நிலையில் ஆக்சிலேட்டரை ஒரு தட்டு. என்ஜினோடு சேர்ந்து இன்புட் ஷாஃப்டும் வேகம் எடுக்கும். மறுபடி மிதித்து, கீழ் கியரில் போட்டு, விடுவது. இப்போது ரிங்குக்கு உரச வேலையே இல்லை, கியர் ராடு விரல் நுனிக்கே வழுக்கிக்கொண்டு போகும். நடுவில் கிளட்சை விடாமல் மிதித்தபடியே ஆக்சிலேட்டரைத் தட்டினால் என்ஜின் மட்டும் வேகம் எடுக்கும், ஷாஃப்ட் எடுக்காது. ரிங் உரசத்தான் செய்யும். ஆனால் கிளட்சை விடும்போது குலுக்கல் இருக்காது. முதலாவது மிச்சப்படுத்துவது சிங்க்ரோவை. இரண்டாவது மிச்சப்படுத்துவது கிளட்ச் பிளேட்டையும், என்ஜின் மவுண்டையும், பின் சீட்டில் இருப்பவர் வயிற்றையும். நல்ல நிலையில் இருக்கும் காரில் சிங்க்ரோ தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். அதற்காகத்தான் அதைச் செய்து வைத்திருக்கிறார்கள். அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது இரண்டாவதை.

மூன்றாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில், அதாவது என்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்ற, போகிறீர்கள் என்று வையுங்கள். அதே வேகத்தில் இரண்டாவதுக்கு இறக்கினால் பெரும்பாலான சிறிய கார்களில் என்ஜின் ஏறக்குறைய 3,000இல் சுற்ற வேண்டும். கிளட்சை மிதித்ததும் என்ஜின் 1,000 பக்கம் இறங்கிவிடுகிறது. அந்த 2,000 வித்தியாசத்தை நீங்கள் ஆக்சிலேட்டரில் கொடுக்காவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்து கொடுக்கும். பழக நல்ல இடம் ஆளில்லாத சமதளச் சாலை, 40 கிலோமீட்டர் வேகம். மிதி, கியரை இறக்கு, இறக்கும்போதே ஆக்சிலேட்டரில் ஒரு சின்னத் தட்டு, சத்தம் ஏறி இறங்கத் தொடங்கும்போது கிளட்சை விடு. வண்டியின் மூக்கு கீழே குனிந்தால் தட்டு போதவில்லை. வண்டி முன்னால் எகிறினால் தட்டு அதிகம். மீட்டரைப் பார்க்க வேண்டாம், கண் ரோட்டில் இருக்கட்டும், காது போதும். கியர் ஏற்றும்போது இது எதுவும் வேண்டாம். நியூட்ரலைத் தாண்டும்போது அரை நொடி பொறுத்தால் என்ஜின் தானாக இறங்கிப் பொருந்திவிடும். புகைக் கட்டுப்பாட்டுக்காகப் புதிய பெட்ரோல் கார்களில் ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஆர்பிஎம் சற்று நேரம் தொங்கும், அவற்றில் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டியிருக்கும்.

மலையில் இறங்கும்போதுதான் இதெல்லாம் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாகிறது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கினால் 36, சரிவும் செங்குத்து. கொல்லிமலையில் 70. இங்கெல்லாம் வளைவுக்குள் நுழைந்த பிறகு கியரைத் தேடக் கூடாது. நேர் பகுதியிலேயே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, கிளட்சை முழுவதும் விட்ட பிறகுதான் வளைய வேண்டும். கிளட்சை மிதித்தபடி வளைந்தால் அந்த நேரத்துக்கு என்ஜின் பிடிமானம் இல்லை, வண்டி நியூட்ரலில் உருள்வது போலத்தான்.

"ஏறின கியரிலேயே இறங்கு" என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். அம்பாசடருக்கு அது அப்படியே பொருந்தும். இன்றைய ஒரு லிட்டர் டர்போ கார் மூன்றாவதிலேயே ஜம்மென்று ஏறிவிடும், ஆனால் அந்தச் சின்ன என்ஜின் மூன்றாவதில் இறக்கத்தைப் பிடித்து நிறுத்தாது. அதில் ஏறியதைவிட ஒரு கியர் குறைவாக இறங்குவதுதான் சரி. என்ஜின் 3,500இல் உறுமினால் பயப்பட வேண்டாம், ஆக்சிலேட்டரை விட்டிருக்கும்போது அதற்கு ஒன்றும் ஆகாது. நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்கிறார்களே, அது கார்புரேட்டர் காலத்துக் கணக்கு. இன்றைய வண்டிகளில் கியரில் இருந்து ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜெக்டர் எரிபொருளையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்கு எரிந்துகொண்டிருக்கும். என்ஜினையே அணைத்து இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு மூன்று மிதிக்குள், மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டரில் வேக்குவம் தீர்ந்துவிடும், பிறகு மிதி கல்லாகிவிடும். பிரேக்கையே நம்பி இறங்கினால் டிஸ்க் சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறும். புது டாட் 4 ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் இழுத்துப் பழசானதற்கு அதே விதியில் 155தான். நாலைந்து வருடமாக ஆயில் மாற்றாத வண்டி மலையேறும்போது நான் கவலைப்படுவது இதற்காகத்தான்.

இறக்குவதில் ஒரு ஆபத்தும் உண்டு. ஐந்திலிருந்து நான்குக்குப் போக வேண்டியவர் பதற்றத்தில் இரண்டில் போட்டுவிடுவார். சிங்க்ரோ முடிந்தவரை முரண்டு பிடிக்கும், அமுக்கினால் விட்டுவிடும். கிளட்சை விட்டதும் சக்கரம் என்ஜினைச் சிவப்புக் கோட்டுக்கு அப்பால் இழுத்துச் சுற்றும். என்ஜின் வேகம் எல்லை மீறாமல் பார்க்கும் ரெவ் லிமிட்டர் எரிபொருளைத்தான் நிறுத்தும், சக்கரத்தை நிறுத்தாது. வால்வு வளைந்த என்ஜின் அப்படித்தான் வரும். ராடை முறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையால் தள்ளினால், ஸ்பிரிங்கே அதை மூன்று நான்கு பக்கம் நிறுத்திக்கொடுக்கும். அதே போல, ஓட்டும் நேரமெல்லாம் கையை ராடின் மேல் ஊன்றி வைக்காதீர்கள், உள்ளே ஸ்லீவைத் தள்ளும் ஃபோர்க் அதை உரசிக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் டபுள் கிளட்ச் யாருக்கு? சிங்க்ரோ இல்லாத பழைய வண்டி வைத்திருப்பவருக்கு. உருளும் காரில் முதல் கியர் போட வேண்டியிருப்பவருக்கு. கொண்டை ஊசியில் வண்டி ஊர்ந்து நிற்கப்போகும் நேரத்தில் இது நிஜமாகவே கைகொடுக்கும். ரிங் தேய்ந்து, பட்டறைக்கு வரும்வரை சமாளிக்க வேண்டியவருக்கு. காலையில் முதல் சில நிமிடம் மட்டும் இரண்டாவது கியர் கனமாக விழுந்தால் அது ஆயில் கெட்டியாக இருப்பதால். டபுள் கிளட்ச் உதவும், ஆனால் என்ன ஆயில் ஊற்றியிருக்கிறது என்றும் பாருங்கள். ஜிஎல்-4 தர கியர் ஆயில் கேட்கும் பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றி வந்த வண்டிகளை நிறையப் பார்க்கிறேன். அதன் வழுக்கலில் ரிங்குக்குப் பிடி கிடைப்பதில்லை.

பட்டறைக்கு வருமுன் வீட்டிலேயே ஒன்று பார்த்துக்கொள்ளலாம். வண்டியை நிறுத்தி, என்ஜின் ஓடும்போது கிளட்சை முழுவதும் மிதித்து, நான்கு நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பல கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது, அவசரப்பட்டால் அவை கத்தும். பொறுத்தும் கத்துகிறது, மற்ற கியர்களும் முரண்டு பிடிக்கிறது என்றால் மிதித்தும் கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. கேபிள் அட்ஜஸ்ட்மென்ட்டோ, ஹைட்ராலிக் லீக்கோ, சின்ன வேலையில் முடியலாம். ரிவர்ஸ் சத்தமின்றி விழுகிறது, ஓடும்போது ஒரே ஒரு கியர் மட்டும் கத்துகிறது, அதுவும் டபுள் கிளட்ச் போட்டால் கத்துவதில்லை என்றால் அந்த கியரின் ரிங் போயிருக்கிறது, பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். இதை மெக்கானிக்கிடம் இப்படியே சொல்லுங்கள். "கியர் விழ மாட்டேங்குது" என்று மட்டும் சொன்னால் சிலர் நேராக கிளட்ச் செட் விலையிலிருந்து பேச்சைத் தொடங்குவார்கள்.